பழுது எங்கே, பாதிப்பு எங்கே

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் சிலர், இலையின் வலப்பக்கத்தில் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வை என்பார்கள். இடப்பக்கத்துச் சோறும் கறியும் கைபடாமல் கிடக்கும். இலையைத் திருப்பி வைத்தால் மிச்சத்தையும் சாப்பிட்டு முடிப்பார்கள். கன்னத்தில் ஒரு பாதிக்கு மட்டும் சவரம் செய்துகொள்வார்கள். இடப்பக்கமிருந்து பேரன் கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார்கள். கண் மருத்துவரிடம் காட்டினால் கண்ணில் குறை ஒன்றும் தெரியாமலே போகலாம். அதன் பிறகு வீட்டில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பிடிவாதம் அல்லது வீம்பு.

அவர்களிடம் வீம்பு எதுவும் இல்லை. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம், சுவர் மடல் என்று உடற்கூற்றியலில் சொல்லப்படும் பகுதியில் ரத்த ஓட்டம் நின்றிருக்கிறது. உலகத்தின் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்கும் வேலையைச் செய்வதில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது செத்துப்போனால் இடப்பக்கம் இருட்டாகத் தெரிவதில்லை. இருட்டாக இருந்தாலாவது ஏதோ குறைகிறது என்று தெரியும். இங்கே இடப்பக்கம் என்ற நினைப்பே வருவதில்லை.

இது எவ்வளவு ஆழமான இழப்பு என்பதை 1978-இல் இத்தாலியின் மிலான் நகரில் பிசியாக், லுட்சாட்டி என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையால் காட்டினார்கள். மிலான் நகரத்துக்காரர்களுக்கு அங்குள்ள பேராலயச் சதுக்கம் அத்துப்படி. வலப்பக்க மூளை பழுதான இருவரிடம், அந்தச் சதுக்கத்தில் பேராலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக நினைத்துக்கொண்டு சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களைத்தான் பெரும்பாலும் சொன்னார்கள். பிறகு, இப்போது பேராலயத்தின் வாசலில், அதற்கு முதுகு காட்டி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முன்பு சொல்லாமல் விட்ட கட்டடங்கள் இப்போது வலப்பக்கம் வந்துவிட்டன. அவற்றைச் சரளமாகச் சொன்னார்கள். முன்பு சொன்னவை காணாமல் போயின. ஆக, நினைவு முழுதாக இருந்தது. கண்ணுக்கு அந்தச் சோதனையில் வேலையே இல்லை. மனத்துக்குள் விரித்துப் பார்க்கும் படத்திலும் இடப்பக்கம் எட்டாமல் போயிருந்தது. மூளையைப் பற்றி நடத்தப்பட்ட சோதனைகளில் இத்தனை குறைந்த செலவில் இத்தனை பெரிய உண்மையைச் சொன்னது வேறொன்று உண்டா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கருவி ஏதும் இல்லை, இரண்டே கேள்விகள்.

வலப்பக்கம் பழுதானால் இடப்பக்கம் தொலைகிறதே, இடப்பக்கம் பழுதானால் வலப்பக்கம் ஏன் அதே அளவு தொலைவதில்லை? பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: இடப்பக்க மூளை பெரும்பாலும் வலப்பக்க உலகத்தை மட்டும் கவனிக்கிறது. வலப்பக்க மூளையோ இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. அதனால் இடப்பக்க மூளை படுத்தாலும் வலப்பக்கம் ஓரளவு ஈடுகட்டிவிடும். வலப்பக்கம் படுத்தால் ஈடுகட்ட ஆளில்லை.

ஒரு மனிதரின் மூளை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். இதில் வியப்பு என்னவென்றால், அவற்றில் ஏறக்குறைய 6,900 கோடி பிடரிக்கு அருகே ஒதுங்கிக் கிடக்கும் சிறுமூளையில்தான் உள்ளன. பேச்சு, நினைவு, திட்டம், கணக்கு என்று நாம் பெருமைப்படும் அத்தனைக்கும் முதன்மையான களமாக இருக்கும் பெருமூளையின் மேலுறையில் சுமார் 1,600 கோடிதான். மேலுறை இருபுறமும் நான்கு நான்கு மடல்களாகப் பார்க்கப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் நெற்றி மடல், அதையடுத்து மேலே சுவர் மடல், காதுக்கு அருகே பொட்டு மடல், பின்னால் பிடரி மடல். பெருமூளையின் வலப்பக்கம் உடலின் இடப்பக்கத்தையும், இடப்பக்கம் உடலின் வலப்பக்கத்தையும் இயக்குகின்றன. இந்தப் பிரிவுகளில் எது என்ன செய்கிறது என்று முதலில் சொல்லித்தந்தவர்கள் நோயாளிகள். ஸ்கேன் கருவிகள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, எந்த இடம் அழிந்தது, எந்தத் திறன் போனது என்று பொருத்திப் பார்த்தே மூளையின் வரைபடம் எழுதப்பட்டது.

அந்த வரைபடத்தின் முதல் புள்ளி பாரிஸுக்கு அருகே இருந்த பிசேத்ர் மருத்துவமனையில் விழுந்தது. லெபோர்ன் என்பவர் அங்கே இருபத்தோரு ஆண்டுகள் இருந்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்பதே பதில், அதையும் பெரும்பாலும் இரண்டு தடவை சேர்த்துச் சொல்வார். அதனால் அவருக்கு அதுவே பெயராகிப்போனது. கேட்பது அவருக்குப் புரிந்தது. கையை அசைத்தும் குரலை ஏற்றி இறக்கியும் பதில் சொல்ல முயன்றார். பிறர் புரிந்துகொள்ளாதபோது கோபப்பட்டார். பின்னாளில் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. 1861 ஏப்ரலில், 51 வயதில் இறந்தார். கடைசி நாட்களில் அவரைப் பார்த்த அறுவை மருத்துவர் பால் புரோக்கா அவருடைய மூளையை எடுத்துப் பார்த்தார். இடப்பக்க நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் குழி விழுந்திருந்தது. அதே ஆண்டில் லெலோங் என்ற முதியவர் வந்தார். அவரிடம் மிஞ்சியிருந்தவை ஐந்தே சொற்கள். அவருக்கும் பழுது அதே வட்டாரத்தில்தான். மேலும் பல நோயாளிகளைப் பார்த்தபின், 1865-இல், நாம் பேசுவது இடப்பக்க மூளையால்தான் என்று புரோக்கா எழுதினார். அந்த இடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, அப்போது வயது 26, இதற்கு நேர்மாறான நோயாளிகளை விவரித்தார். இவர்கள் தடையின்றிப் பேசினார்கள், ராகமும் ஏற்ற இறக்கமும் இயல்பாக இருந்தன, ஆனால் சொற்களில் பொருள் இல்லை. பிறர் சொல்வதும் அவர்களுக்குப் புரியவில்லை. பழுது இடப்பக்கப் பொட்டு மடலின் பின்பகுதியில் இருந்தது. இப்படிப்பட்டவரை இன்றும் நம் ஊர்களில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி மனநல மருத்துவரிடமோ கோயிலுக்கோ அழைத்துப் போவதுண்டு. திடீரென்று ஒரு நாள் காலையில் பொருளற்றுப் பேசத் தொடங்கிய முதியவருக்கு முதலில் வேண்டியது மூளை ஸ்கேன்.

புரோக்காவின் கண்டுபிடிப்பை உலகம் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே, லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் என்ற நரம்பியல் மருத்துவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். பேச்சைக் கெடுக்கும் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு, பேச்சு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு என்றார் அவர். மூளையைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய கருத்து இது. இரண்டு ஊர்களுக்கு இடையே பாலம் இடிந்தால் பேருந்து ஓடாது. அதற்காகப் பேருந்து பாலத்துக்குள் குடியிருந்தது என்று யாரும் சொல்வதில்லை. 2007-இல் நீனா டிராங்கர்ஸும் சக ஆய்வாளர்களும், பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்ன், லெலோங் இருவரின் மூளைகளையும் எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தார்கள். பழுது புரோக்கா கண்ட மேற்பரப்போடு நிற்கவில்லை. மூளையின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கட்டு வரை உள்ளே போயிருந்தது. மேலே தெரிந்த குழி பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறது.

புரோக்கா பகுதி பழுதாகி ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாதவர்களில் சிலர், பழகிய பாட்டை முழுவதும் பாடிவிடுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். சின்ன வயதில் மனப்பாடமான பாட்டு வரும், தண்ணீர் வேண்டும் என்பது வராது. பேச முடிந்தும் பேசாமல் இருக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பதற்கு இது இடம் கொடுத்துவிடுகிறது. புதிதாக ஒரு வாக்கியத்தைக் கோத்துச் சொல்வதும், ஏற்கெனவே கோத்து வைத்ததை ஒப்பிப்பதும் மூளைக்கு ஒரே வேலை இல்லை. பேச்சுப் பயிற்சியாளர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, சொற்களை மெட்டில் சொல்லவைத்துப் பேச்சை மீட்கும் முறையை 1970-களிலேயே உருவாக்கினார்கள்.

நெற்றி மடல் என்றதும் எல்லாப் பாடநூல்களும் சொல்லும் கதை ஃபினியஸ் கேஜ் உடையது. 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெடிமருந்தைக் கெட்டிக்கும் இரும்புக் கம்பி, ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளம், ஆறு கிலோ எடை, மேஸ்திரி கேஜின் இடக்கன்னத்தின் வழியே ஏறி உச்சந்தலையைப் பிளந்து வெளியேறித் தொலைவில் போய் விழுந்தது. சில நிமிடங்களில் அவர் பேசினார். மாட்டுவண்டியில் உட்கார்ந்தபடி ஊருக்குப் போனார். கை, கால், பேச்சு, நினைவு எல்லாம் மிஞ்சின. மருத்துவர் ஜான் ஹார்லோ பின்னாளில் எழுதிய அறிக்கையின்படி, பொறுப்பும் நிதானமும் உள்ளவராக இருந்தவர் முன்கோபியாகவும், மரியாதையின்றிப் பேசுபவராகவும், எடுத்த திட்டத்தில் நிற்காதவராகவும் மாறிப்போனார். பழைய நண்பர்களுக்கு அவர் வேறு ஆளாகத் தெரிந்தார்.

பாடநூல்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன. அது அவருக்குச் செய்யும் அநீதி என்பேன். கேஜ் பிறகு தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். குதிரைகளைக் கட்டி மேய்த்து, நேரம் தவறாமல், மொழி தெரியாத ஊரில் பயணிகளோடு பழகிச் செய்ய வேண்டிய வேலை அது. பொறுப்பு அறவே போன ஒருவரால் இது முடிந்திருக்காது. காலப்போக்கில் அவர் தேறியிருக்கிறார் என்பதுதான் நியாயமான முடிவு. 1860-இல் வலிப்பு வந்து 36 வயதில் இறந்தார். நெற்றி மடல் பழுதானவர்களின் குடும்பங்களுக்கு இந்தப் பிற்பாதிக் கதைதான் தேவை. விபத்துக்குப் பின் மனிதர் குணம் கெட்டுவிட்டது என்று உறவுகள் விலகிப்போவதைப் பார்க்கிறோம். தலைக்கவசம் இல்லாமல் இருசக்கர வண்டியிலிருந்து விழுபவர்களுக்கு அதிகம் நசுங்கும் பகுதிகளில் நெற்றி மடலின் அடிப்பகுதியும் ஒன்று. அங்கே மண்டையோட்டின் உட்புறம் கரடுமுரடாக இருக்கிறது. தலை சட்டென்று நிற்க, மூளை அதன்மேல் உரசுகிறது. வெளியே காயம் ஆறியிருக்கும், கை கால் நன்றாக இருக்கும், எம்.ஆர்.ஐ. படத்தில் சின்னத் தழும்புதான் தெரியும். ஆனால் அடக்கிக்கொள்ளுதல், காத்திருத்தல், நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்தல் ஆகியவை தளர்ந்திருக்கும். இதற்குச் சிகிச்சையும் பயிற்சியும் உண்டு. முதலில் இதைக் காயம் என்று ஏற்க வேண்டும்.

நினைவைப் பற்றி நமக்குக் கற்பித்தவர் ஹென்றி மோலைசன். தீராத வலிப்புக்காக 1953-இல், 27 வயதில், அவருடைய இருபக்கப் பொட்டு மடல்களின் உட்புறத்தை அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் வெட்டி எடுத்தார். அங்கே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற அமைப்பின் பெரும்பகுதி அதோடு போயிற்று. வலிப்பு குறைந்தது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நடந்த எதுவும் அவரிடம் நிற்கவில்லை. பல பத்தாண்டுகள் அவரைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவர். ஆயினும் சின்ன வயது நினைவிருந்தது, அறிவுத்திறன் குறையவில்லை. கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு வரையும் கடினமான வேலையை மூன்று நாட்களில் நன்றாகக் கற்றுக்கொண்டார். மூன்றாம் நாளும் இதை நான் முன்பு செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார். நடந்ததை நினைவில் வைப்பதும் கை பழகுவதும் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று தெரிந்தது அவரால்தான். அந்த அறுவையை இனி யாருக்கும் செய்யக்கூடாது என்று ஸ்கோவிலே பின்னர் எச்சரித்தார். 2008-இல் இறக்கும் வரை மோலைசன் ஆய்வுகளுக்குச் சலிக்காமல் ஒத்துழைத்தார். அறிவியல் அவருக்குப் பட்ட கடன் பெரிது.

பார்வையின் வரைபடம் போர்க்களத்தில் கிடைத்தது. 1904–05 ரஷ்ய-ஜப்பான் போரில் புதிய வகைத் துப்பாக்கிகளின் சிறிய, வேகமான தோட்டாக்கள் மண்டையைச் சிதறடிக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறின. பிழைத்த ஜப்பானிய வீரர்களுக்குப் பார்வை இழப்பின் அளவைப் பொறுத்து ஓய்வூதியம் தர வேண்டியிருந்தது. அதை அளக்கும் பொறுப்பு தாட்சுஜி இனோயே என்ற இளம் கண் மருத்துவரிடம் வந்தது. தோட்டா புகுந்த துளையையும் வெளியேறிய துளையையும் கோட்டால் இணைத்து, அது பிடரி மடலில் எந்த வழி போயிருக்கும் என்று கணக்கிட்டு, பார்வையில் எந்தத் துண்டு போயிருக்கிறது என்பதோடு பொருத்தினார். 1909-இல் வெளியான அவருடைய வரைபடம் பெரிதும் சரியாகவே இருக்கிறது. பார்வையின் நடுப்புள்ளிக்கு மூளையில் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருப்பதையும் அவர் அதில் காட்டினார்.

பிடரி மடலுக்கு முன்னே போகப்போகப் பார்வை இன்னும் நுணுக்கமாகப் பிரிகிறது. பொட்டு மடலின் அடிப்பகுதி பழுதானால் மனைவியின் முகம்கூட அடையாளம் தெரியாமல் போகலாம். குரல் கேட்டவுடன் தெரிந்துவிடும். 1983-இல் ஜெர்மனியில் விவரிக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும் தேநீர் அப்படியே உறைந்து நிற்பதாகத் தெரிந்ததால் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் தவித்தார். தொலைவில் தெரிந்த கார் அடுத்த கணம் அருகில் நின்றதால் சாலையைக் கடக்க அஞ்சினார்.

இடம் பழுதாகாமல் இணைப்பு மட்டும் பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்யும் வி.எஸ். ராமச்சந்திரனின் ஒரு நோயாளி நல்ல எடுத்துக்காட்டு. விபத்தில் தலையில் அடிபட்ட அந்த இளைஞர், அம்மாவைப் பார்த்து, இவர் அம்மாவைப் போலவே இருக்கிறார், ஆனால் அம்மா இல்லை, வேஷம் போட்டவர் என்றார். அதே அம்மா தொலைபேசியில் பேசினால் சந்தேகமே இல்லை. 1997-இல் ராமச்சந்திரனும் வில்லியம் ஹர்ஸ்டைனும் வெளியிட்ட விளக்கத்தின்படி, முகத்தை அடையாளம் காணும் பகுதி நன்றாக இருக்கிறது, உணர்ச்சிக்கான அமிக்டலாவும் நன்றாக இருக்கிறது, இரண்டுக்கும் இடையிலான வழி அறுந்திருக்கிறது. தெரிந்த முகத்தைப் பார்த்தால் நம் உள்ளங்கையில் லேசாக வியர்வை கூடும். அவருக்கு அது கூடவில்லை. முகம் தெரிகிறது, மனம் கனியவில்லை, ஆகவே இவர் வேறு ஆள் என்று மூளை முடிவு கட்டுகிறது. காதுவழி வேறு வழி, அதனால் குரலில் சிக்கல் இல்லை.

சிறுமூளை பழுதானால் பலம் குறையாது, அளவு தவறும். டம்ளரை எடுக்கப் போகும் கை தாண்டிப் போகும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடித்திருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டும். மது உடனே தாக்கும் பகுதிகளில் சிறுமூளையும் ஒன்று என்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. இவற்றுக்கெல்லாம் கீழே கட்டைவிரல் தடிமனில் இருக்கும் மூளைத்தண்டு மூச்சையும் விழிப்பையும் காக்கிறது. அதன் நடுப்பகுதியின் முன்பக்கம் மட்டும் அழிந்தால், முழு நினைவோடு, கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் தவிர எதையும் செய்ய முடியாத நிலை வரும். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜான்-தொமினிக் போபி 1995-இல் இந்த நிலைக்கு ஆளானபின், இடது இமையை மட்டும் அசைத்து எழுத்து எழுத்தாக ஒரு முழு நூலைச் சொல்லி எழுதவைத்தார். மூளைத்தண்டு முழுவதும் மீளாமல் செத்துவிட்டால் அதையே மரணமாக, உறுப்பு மாற்றத்துக்கான 1994-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ஏற்கிறது.

இவ்வளவும் பக்கவாதத்தில் வந்து சேர்கிறது. பெருமூளையின் பக்கவாட்டுப் பரப்புக்கு ரத்தம் தரும் நடுத் தமனியில்தான் ரத்தக்கட்டி அதிகம் அடைக்கிறது. இடப்பக்கம் அடைத்தால் வலக்கை விழும், பேச்சு போகும். பார்ப்பவர்கள் பதறி ஓடுவார்கள். வலப்பக்கம் அடைத்தால் இடக்கை விழும், பேச்சு பெரும்பாலும் கெடாமல் இருக்கும், ஆனால் தனக்கு நோய் வந்திருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். பிரெஞ்சு மருத்துவர் பபின்ஸ்கி 1914-இல் இதற்குத் தனிப்பெயரே இட்டார். கையைத் தூக்குங்கள் என்றால், தூக்கிவிட்டேனே என்பார்கள். வலியும் இருக்காது. இதனால் மணிக்கணக்கு வீணாகிறது. பெரிய தமனி அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக, அறிகுறிகள் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்தக்கசிவா அடைப்பா என்று ஸ்கேன் பார்க்காமல் அதைப் போட முடியாது. பெரிய அடைப்பைக் குழாய்வழி எடுக்கும் சிகிச்சை, தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பயன்படுகிறது.

ஆகவே முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீரென்று துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, திடீரென்று தலைசுற்றலோடு நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்குவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம். எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று அவரே சொன்னாலும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்விகளில் ஒன்று அது. எந்தச் சிகிச்சை தரலாம் என்பதும் அந்த நேரத்தைப் பொறுத்தே முடிவாகும்.